விற்ற பொருளின் நிழல்

வெட்டி, அறுத்து, செதுக்கி, சாயம் பூசி, சந்தை சந்தையாக விற்றுத் தீர்த்த நான்காம் வருடம், அந்த மரம் தன்னை வாங்கிய எல்லா வீடுகளிலும் ஒரே காலையில் இலை உதிர்த்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டில் சாவி மாட்டும் மரமீனுக்குக் கீழே ஒரு கூடை சருகு கிடந்தது. கணக்கு டீச்சர் வீட்டுக் கூடத்தில், சுவரில் அழகுக்காக மாட்டியிருந்த பெரிய தட்டிலிருந்து விழுந்த இலைகள் சோபாவை மூடியிருந்தன. தையல்காரர் வீட்டில் கண்ணாடிச் சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் உதிர்ந்து, தைக்கக் கொடுத்திருந்த துணிகளின் மேல் பரவியிருந்தன. ஜன்னல்கள் எல்லா வீட்டிலும் சாத்தித்தான் இருந்தன. இதற்காக யாரும் கூச்சல் போடவில்லை. விடிந்தால் எப்படியும் பெருக்க வேண்டிய வீடு, பெருக்கினார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி மட்டும், இது குப்பை போடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

அடுத்து வந்த சந்தையில் உளிக்காரம்மாவின் கடை முன்னால் ஒரு சிறு கூட்டம் கூடியது. உளிக்காரம்மா என்பது ஊர் வைத்த பெயர். ராட்டினத்துக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே, நீலத் தார்ப்பாய் போட்ட கடையில், அவள் நெடுநாளாகக் கையால் செய்த மரச்சாமான்கள் விற்றுவந்தாள். மூக்கில் சட்டை மாட்டிக்கொள்ளும் பறவைகள், வயிற்றில் சாவி தொங்கும் மீன்கள், பூச்செதுக்கிய சட்டங்கள், எதையும் வைக்க மனம் வராத அளவுக்கு அழகான தட்டுகள். இவற்றால் பெரிய உபயோகம் ஒன்றும் இல்லை என்பதால் நன்றாகவே விற்றன. வந்தவர்கள் சருகு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் கடைசி வார்த்தை வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் தன் தலைக்கு மேலே காட்டினாள். அங்கே ஒரு நீளப் பலகை தொங்கியது. ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அதில் ஆழமாகச் செதுக்கியிருந்தது. இலை உதிர்வதும் ஒரு காரணம்தான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வந்ததற்கு ஆளுக்கொரு மரக்கரண்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மரம் முன்பு அவள் பட்டறைக்கு எதிரே, வாசலில் நின்றது. என்ன மரம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பழம் கிடையாது, பூவும் பேருக்குத்தான், நிழல் மட்டும் தாராளம். அந்த நிழலில் அவள் கணவர் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமான கையோடு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தவிர எழுந்ததற்குச் சாட்சி இல்லை. நிழல் நகர நகர நாற்காலியும் நகரும். அது நிற்கும் இடத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் மணி சொல்வார்கள். ஊரில் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர். யாரோ பெரிய பதவியில் இருப்பவர் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் இரண்டொருவர் மனுவோடு வந்ததும் உண்டு. அவர் வாங்கிப் படித்து, ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்புவார். அதில் சிலருக்குக் காரியம் நடந்தும் இருக்கிறது.

அவர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் அது அநியாயம். உப்புத்தாள் போடுவது அவருடைய வேலை. மனைவி செதுக்கித் தந்த பறவையை மடியில் வைத்துக்கொண்டு, காலையில் மூக்கில் தேய்க்க ஆரம்பித்தால் சாயங்காலம் வாலுக்கு வந்து சேர்வார். அவர் தேய்த்த சாமானைத் தொட்டவர்கள் கையை எடுக்க மாட்டார்கள். எடுக்க மனம் வராமல்தான் பாதிப் பேர் வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டும். உளிக்காரம்மா இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பட்டறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று செதுக்கிக்கொண்டே, காலை முதல் மாலை வரை அவரைத் திட்டுவாள். கல்லுளிமங்கன் என்பாள், மரத்துக்கு முன்னால் வேர்விட்ட மனுஷன் என்பாள், வாக்கப்பட்டதுக்கு இந்த மரத்துக்கே வாக்கப்பட்டிருக்கலாம் என்பாள். எல்லாவற்றுக்கும் அவர் ‘ம்’ என்பார். திட்டின் வேகத்துக்கு உளி நடக்கும், ‘ம்’ போடும் வேகத்துக்கு உப்புத்தாள் நடக்கும். தொழில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்லலாம் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒரு வருடம் மரக்கடைக்குச் சரக்கு வரவில்லை. பெரிய சந்தை நெருங்கிவிட்டது. உளிக்காரம்மா வெறும் கையோடு ஜன்னலில் நின்று, திட்டுவதற்காக வெளியே பார்த்தவள், வழக்கத்துக்கு மாறாக அவருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள். அடிமரம் மட்டுமே கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அந்த வாரம் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போனார். அவர் எழுந்து போவதே அபூர்வம் என்பதால் அறுப்புக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். சலூனில் அன்றைக்குக் கூட்டம். அவர் தலை திருத்தி வந்தபோது மரம் துண்டு துண்டாக வண்டியில் இருந்தது, நாற்காலி இருந்த இடத்திலேயே வெயிலில் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்தார். புதிதாக முடி வெட்டிய தலையில் வெயில் ஏறுவதை மத்தியானம் வரை பொறுத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இனிமே நான் எங்க உக்கார்றது?”

“ஏன், எந்திரிச்சு நின்னுதான் பாருங்களேன்.”

அவர் எழுந்து நின்றார். நாற்காலியை மடக்கினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். எந்த ராத்திரி என்று யாரும் கேட்கவில்லை.

பிழை நடந்தது அதற்கு அடுத்துத்தான். அறுத்த பலகையில் உடனே உளி வைப்பது இந்தத் தொழிலில் கிடையாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, காற்றாட, ஒரு வருடமாவது போட்டுவைக்க வேண்டும். ‘மரம் மறக்கட்டும்’ என்பார்கள். தான் மரமாக இருந்ததைப் பலகை மறந்துவிட்டதா என்று விரல்முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். அதோடு உளிக்காரம்மாவின் சாமான்களில் வழக்கமாகப் பல மரங்களின் துண்டுகள் கலந்திருக்கும். ஒன்று எதையாவது நினைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பது மறுத்துவிடும். இந்த முறை எல்லாம் ஒரே மரம், அதுவும் ஈரம் காயாத மரம். மரக்கடைக்காரர் வந்து அடுக்கைப் பார்த்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

“பச்சை மரம்மா. இன்னும் வாசல்லதான் நிக்கிறோம்னு நெனச்சிட்டிருக்கு.”

“நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும். எனக்குச் சந்தை இருக்கு.”

அந்தச் சந்தையில் எல்லாம் விற்றது. அடுத்த சந்தைகளில் மிச்சமும் விற்றது. சிறு துண்டுகள் சாவிக்கொத்துக்கு மீன்குஞ்சுகளாகப் போயின. மரத்தூள்கூட டீக்கடை அடுப்புக்குப் போனது. ஆனால் முதல் மாதத்திலேயே ஆட்கள் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார்கள். பறவை குத்துகிறது, மீன் கீறுகிறது, தட்டைத் துடைத்தால் கையில் சிலாம்பு ஏறுகிறது. உப்புத்தாள் போட ஆள் இல்லாமல் அவளே அவசரத்தில் தேய்த்தவை. சாமானைத் திருப்பி எடுத்துக்கொள் என்றார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே நீளப் பலகையை, அடிமரத்தின் நடுப்பாகத்தை, இழுத்துப் போட்டு அந்த வாசகத்தை ஒரே மூச்சில் செதுக்கினாள். அதற்கு அவள் உப்புத்தாளும் போடவில்லை, சாயமும் பூசவில்லை. சந்தைக் கமிட்டித் தலைவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சி, இனி எல்லாக் கடைகளிலும் இந்த வாசகம் கட்டாயம் என்று விதி போட்டார். அன்று வீட்டுக்கு வந்து, நடந்ததை எல்லாம் சொல்லித் திட்டுவதற்காக ஜன்னலுக்குப் போனாள். வாசலில் நாற்காலியின் நான்கு கால்களும் அழுத்திய நான்கு குழிகள் இருந்தன. அவள் அழுதாள். குழிகளைத் திட்டிக்கொண்டேதான் அழுதாள்.

சந்தை இல்லாத மாதங்களில் அந்தப் பலகையைச் சாக்கில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துவிடுவாள். விற்ற சாமான்கள் இலை உதிர்க்க ஆரம்பித்த வருடத்திலிருந்து, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதிலும் சருகு இருந்தது. எலிதான் கொண்டுவந்து போடுகிறது என்று எலியைத் திட்டினாள். எலி ‘ம்’ போடவில்லை.

இலை உதிர்ந்த வீடுகளில் அடுத்த பருவத்தில் துளிர் விட்டதாகச் சிலர் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை. ஆனால் நிழல் விழ ஆரம்பித்ததை எல்லோரும் பார்த்தார்கள். கோடை தொடங்கிய வாரத்தில், மருந்துக்கடைக்காரர் வீட்டில் சாவிமீனுக்குக் கீழே, ஒரு பாய் அளவுக்கு வட்டமான மரநிழல் விழுந்தது. அதற்குள் உட்கார்ந்தால் மெல்லிய காற்று வந்தது, அவ்வப்போது வெயில் பொட்டுப் பொட்டாக மேலே அசைந்தது. விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் நிழல் இருந்தது. பொருளின் அளவுக்கு ஏற்ப நிழல். சாவிக்கொத்து மீன்குஞ்சுக்கு ஒரு பூனை படுக்கும் அளவு, டீச்சர் வீட்டுத் தட்டுக்குக் கூடம் முழுவதும். மக்கள் மின்விசிறியை நிறுத்தினார்கள், கட்டில்களை இழுத்துப் போட்டார்கள். தையல்காரர் வீட்டில் நிழலுக்குள் யார் படுப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் வந்த சண்டை, கடைசியில் இருவரும் நிழலில் அடுத்தடுத்துப் படுத்துக்கொண்டு போடும் சண்டையாக மாறி, அப்படியே நிலைத்தது. இந்த முறை சந்தையில் யாரும் குறை சொல்ல வரவில்லை. நிழல் விழுகிறது என்று சொன்னால் அவள் கூடுதலாகக் கேட்டுவிடுவாளோ என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நாற்காலிக்காரர் இத்தனை வருடமும் பக்கத்து ஊரில் தம்பி வீட்டில் இருந்தார். அங்கே உட்கார ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல் கிடைத்தது. சிமெண்ட் நிழல், சூடு குறையாது, அசையவும் அசையாது. ஒருநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தவர், மருந்துக்கடையை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த காற்றை மூக்கால் பிடித்தார். அழைக்காமலே உள்ளே போனார். நாற்காலியை விரித்தார். உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டார். என்ன விஷயம் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, இது எங்கள் மரம் என்று மட்டும் பதில் வந்தது. அதற்கு மேல் கேட்பது மரியாதையாக இருக்காது என்று மருந்துக்கடைக்காரருக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். மரம் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் வருவார், நாற்காலி விரிப்பார், சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுப்பார். முதலில் அந்த வீட்டில் இருக்கும் பறவையையோ மீனையோ மடியில் வைத்து, குத்தும் இடங்களை எல்லாம் தேய்த்துச் சரிசெய்வார். அது முடிந்ததும் கைக்கு எட்டியதைத் தேய்ப்பார். மேசைக்கால், கரண்டிப்பிடி, கதவின் ஓரம், குழந்தையின் சிலேட்டுச் சட்டம். சாயங்காலம் நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். வீட்டுக்காரர்கள் எது பேசினாலும் ‘ம்’ என்பார். தங்கள் பேச்சை இத்தனை கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை என்று பல வீடுகளில் பெண்கள் சொன்னார்கள். ஆண்களும் தனியாக வந்து அதையே சொன்னார்கள். சாமானோடு சேர்ந்த பராமரிப்புச் சேவை இது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். உளிக்காரம்மாவை நல்ல வியாபாரி என்றார்கள்.

அவளுக்கு விஷயம் தெரிந்ததே ஒரு புகாரால்தான். பட்டுக் குடை பிடித்த ஒரு அம்மாள் சந்தையில் கடை முன்னால் வந்து நின்று, நேரடியாக ஆரம்பித்தாள்.

“எல்லார் வீட்டுக்கும் வர்றாராம். உங்ககிட்ட பறவை வாங்கி எத்தனை வருஷமாச்சு, எங்க வீட்டுக்கு மட்டும் உங்க வீட்டுக்காரர் இன்னும் வரல. என்ன நியாயம் இது?”

உளிக்காரம்மாவின் கட்டைவிரல் பழக்கத்தில் பாதி உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. எந்தெந்த வீடு என்று கேட்டாள். குடைக்காரம்மா சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் சிவந்தது. தன் வாசலில் வருடக்கணக்காக அசையாத மனுஷன் இப்போது ஊர் முழுக்க நடக்கிறார், அதுவும் அவள் செதுக்கிய சாமான்களைத் தேடித் தேடி. எரிச்சல் வந்தது. அதற்குள்ளேயே, அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்ற நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக அவரை இன்னும் அதிகமாகத் திட்டினாள், குடைக்காரம்மாவின் காதில் விழாதபடி.

மருந்துக்கடைக்காரர் மூலம் வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினாள். அங்கே நிழல் இல்லையே என்று பதில் வந்தது. அவள் ஆள் வைத்து வாசலில் தகரக் கூரை போட்டாள். அவர் ஒருநாள் மத்தியானம் வந்தார். மறுக்காமல் நாற்காலியை விரித்து, பழைய நான்கு குழிகளில் கால்களைப் பொருத்தி, உட்கார்ந்து பார்த்தார். அவள் ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறிது நேரத்தில், இது தகரத்தோட நிழல் என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினார். அவள் தகரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு அதே இடத்தில் ஒரு கன்று நட்டாள். அது முழங்கால் உயரம் வளர்ந்து, அதற்கு மேல் வளர அவசரம் இல்லை என்று நின்றுவிட்டது. அது நிழல் தரும் காலத்தில் தாங்கள் இருவருமே இருக்கப்போவதில்லை என்பதை அவள் கணக்குப் போட்டுப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள்.

ஆக, விற்றதில் ஒன்றைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தாள். ஒரு தட்டு போதும், ஒரு சட்டம் போதும், மடக்கு நாற்காலி விரிக்கும் அளவுக்கு நிழல் இருந்தால் போதும். புதிதாகச் செய்த பறவைகளைப் பையில் போட்டுக்கொண்டு, பழையதைக் கொடுத்தால் இரண்டாகத் தருகிறேன் என்று படியேறினாள். புதியவை நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்தவை, எதையும் நினைக்காதவை, சுவரில் மாட்டினால் சும்மா தொங்குபவை. யாருக்கு வேண்டும்? தையல்காரர் வீட்டில், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினால் மாமியாரும் மருமகளும் எங்கே போய்ச் சண்டை போடுவார்கள் என்று கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். வேண்டுமானால் நீங்களும் வந்து உட்காருங்களேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். குடைக்காரம்மா, அவர் இன்னும் ஒருமுறைகூட வராத நிலையில் இதைப் பற்றிப் பேசுவதே அநியாயம் என்றாள். எல்லோரும் முடிவில் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் கையால் செதுக்கியதுதான்.

டீச்சர் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். கூடத்தில், பெரிய தட்டின் நிழலில், நாற்காலிக்காரர் உட்கார்ந்து டீச்சரின் அடிஸ்கேலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சென்டிமீட்டர் கோடுகள் பாதி அழிந்திருந்தன. டீச்சர் இருவருக்கும் டீ வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்த வேண்டும் என்று உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உளிக்காரம்மா நிழலின் ஓரத்தில், பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்தாள். சேர்த்து வைத்த திட்டு எல்லாம் தொண்டை வரை வந்தது. அடுத்தவர் வீட்டில் திட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கையை நீட்டி, அவள் பையிலிருந்த புதிய பறவை ஒன்றை எடுத்து, மூக்கிலிருந்து வால் வரை விரலால் தடவினார்.

“இப்ப யாரு உப்புத்தாள் போடுறது?”

“நான்தான்.”

“தெரியுது.”

அவள் டீயைக் குடித்தாள். அவர் அந்தப் பறவையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“வரணும்னுதான் இருக்கு,” என்றார் அவர், பறவையைப் பார்த்துக்கொண்டே. “வீடு வீடா நடந்து கால் வலிக்குது. ஆனா வெயில்ல என்னால உக்கார முடியாது. உனக்கே தெரியும்.”

“தெரியும்,” என்றாள். இருபது வருடத் திட்டுக்குப் பிறகு அவள் அவரோடு ஒத்துப்போன முதல் விஷயம் அது. வெளியே வந்ததும், வெயிலில் நின்று, தான் என்ன மரத்தை வெட்டினோம் என்று அவளுக்குச் சரியாகப் புரிந்தது. தெருவில் நின்றே அழுதாள். இந்த முறை யாரையும் திட்டவில்லை.

அந்த வருடப் பெரிய சந்தை கொளுத்தும் வெயிலில் நடந்தது. உச்சிப்பொழுதில் எங்கிருந்தோ ஒரு சூறைக்காற்று கிளம்பி, கடைவரிசையின் தார்ப்பாய்கள் அத்தனையையும் பிடுங்கி, ராட்டினத்துக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனது. காற்று நின்றபோது சந்தை முழுவதும் மொட்டை வெயில். மண்பானைக்காரர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டார். மிட்டாய்கள் உருகின. உளிக்காரம்மா தன் சாமான்கள் வெடித்துவிடுமே என்று சாக்கைத் தேடியபோதுதான், பட்டியை உடைத்துக்கொண்டு வந்த மாடுகள் தன் கடையைச் சுற்றி நிம்மதியாகப் படுத்திருப்பதைக் கவனித்தாள். மாடுகளுக்கு நடுவே சந்தைக்கு வந்த ஜனங்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடை மேலும், மாட்டுப்பட்டியின் பாதி வரையிலும், அகலமாக, பச்சை வாசனையோடு, அசைந்து அசைந்து ஒரு முழு மரத்தின் நிழல் கிடந்தது. இத்தனை வருடமும் தார்ப்பாயின் நிழலுக்குள் சுருண்டு ஒளிந்திருந்த நிழல் அது. அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். எத்தனையோ பேருக்குக் கட்டைவிரலால் காட்டியதை அவள் அன்றுதான் தானே திரும்பிப் பார்த்தாள்.

அவள் பார்த்ததை மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் என்ன விலை என்றார். டீச்சர் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஆகும் என்றார். குடைக்காரம்மா குடையை மடக்கிவிட்டு, தனக்குத் தர வேண்டிய பாக்கிக்கு ஈடாக அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றாள். கமிட்டித் தலைவர் மாடுகளைத் தாண்டி முன்னால் வந்து, விதிப்படி அந்த வாசகம் கடையில் தொங்கியே தீர வேண்டும், கழற்றினால் கடையே கிடையாது என்றார். உளிக்காரம்மா முக்காலி போட்டு ஏறி, ஆணியைப் பிடுங்கினாள்.

“இது விக்கிறதுக்கு இல்ல. கடையை வேணா எடுத்துக்கோங்க.”

அவள் வாயிலிருந்து ‘விற்பதற்கு இல்லை’ என்ற சொல்லை ஊர் கேட்டது அன்று ஒருநாள்தான். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்தபோது நிழலும் கூடவே நடந்தது. மாடுகள் எழுந்து ஊர் எல்லை வரை நிழலுக்குள்ளேயே வந்துவிட்டு, பிறகு மனமில்லாமல் திரும்பின.

பட்டறைச் சுவரின் வெளிப்பக்கம், ஜன்னலுக்கு மேலே, பலகையை அறைந்து மாட்டினாள். நிழல் வாசலில் இறங்கி, இருபுறமும் அளவெடுத்ததுபோல் பரவி, பழைய இடத்தில் சரியாகப் படிந்தது. முழங்கால் உயரக் கன்று அதற்குள் நின்றுகொண்டு தனக்கு இனி வேலை இல்லை என்று நிம்மதியடைந்தது. அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சாயங்காலம் தெருமுனையில் நாற்காலி தெரிந்தது, பிறகு அதை இடுக்கிய கக்கம், பிறகு அவர். நான்கு குழிகளையும் காலால் தடவிக் கண்டுபிடித்து, நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். நிமிர்ந்து, விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று தன் தலைக்கு மேல் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து திட்டு ஆரம்பித்தது. அவர் ‘ம்’ என்றார். மறுநாள் காலை அக்கம்பக்கத்தார் அந்தத் தெருவில் மணி தெரிந்துகொண்டார்கள்.

சந்தைக் கமிட்டி அவள் கடையை ரத்து செய்தது. சாமான்கள் மறுபடியும் பட்டுப்போல ஆகிவிட்டதால் வாங்குகிறவர்கள் வாசலுக்கே வந்தார்கள், கமிட்டித் தலைவரும் வந்தார். நாற்காலிக்காரர் வருவது நின்றுபோன வீடுகளில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவர் பேச்சுக்கு ஒருவர் ‘ம்’ போடப் பழகிக்கொண்டார்கள். குடைக்காரம்மா மட்டும், தன் முறை இன்னும் பாக்கி என்று, வாரம் ஒருமுறை வந்து மடக்கிய குடையோடு அந்த நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவர், யாரும் எதிர்பாராத விதமாக, நாற்காலி மேல் ஏறி நின்று பலகையைத் தடவிப் பார்த்தார். ஒரே சொரசொரப்பு. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார்.

“எழுத்து அழிஞ்சிடும்ங்க,” என்றாள் உளிக்காரம்மா ஜன்னலிலிருந்து.

“ம்.”

இப்போது அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. வழுவழுவென்று, கை வைத்தால் எடுக்க மனம் வராதபடி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் கேட்டால், ஏதோ கடைக்காக எழுதினது என்று உளிக்காரம்மா சொல்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை ஊரில் எல்லா வீடுகளிலும் ஒரே காலையில் இலை உதிர்கிறது, எல்லோரும் துடைப்பத்தை எடுக்கிறார்கள். அவளும் வாசலுக்கு வந்து, திட்டிக்கொண்டே பெருக்கி, நாற்காலி வரைக்கும் வந்ததும், “காலைத் தூக்குங்க,” என்கிறாள். அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறார்.